மருந்தை உடைக்கும் நொதி எது?

நுண்ணுயிரைக் கொல்வதற்காக மனிதர் கண்டெடுத்த மருந்தை அந்த நுண்ணுயிரே உடைத்துப் பயனற்றதாக்குவதற்குத் துணைநிற்பது நொதி எனப்படும் புரதம். உண்ட சோற்றைச் செரிக்க உமிழ்நீரிலும் குடலிலும் நொதிகள் சுரப்பது போலவே பாக்டீரியாவின் உடலிலும் பல நொதிகள் உருவாகின்றன. அவற்றுள் சில, பெனிசிலின் முதலான நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளின் மூலக்கூறைப் பிளந்துவிடும் ஆற்றல் உடையவை. நோயாளியின் இரத்தத்திலோ சிறுநீரிலோ காணப்படும் பாக்டீரியா ஒரு மருந்துக்கு அடங்கவில்லை என்று அறிவது ஒரு செய்தி. எந்த நொதியின் பலத்தால் அது அடங்காமல் நிற்கிறது என்று அறிவது வேறொரு செய்தி. முதற்செய்தி கைவிட வேண்டிய மருந்தை மட்டும் சொல்கிறது. இரண்டாம் செய்தியோ கைக்கொள்ளத் தக்க மருந்தையும், அடுத்த கட்டிலில் இருக்கும் நோயாளியைக் காக்கும் வழியையும் சேர்த்துக் காட்டுகிறது. அந்த இரண்டாம் செய்தியை ஆய்வகம் எவ்வாறு கண்டறிகிறது என்பதும், சிங்காரப்பேட்டை போன்ற ஓர் ஊரின் நோயாளிக்கு அது உரிய காலத்தில் எட்ட என்ன வேண்டும் என்பதும் மருத்துவர்கள் மட்டுமன்றிப் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டியவை.

சுவரும் வளையமும்

பாக்டீரியாவின் மெல்லிய உடலைச் சுற்றி, பாய் முடைந்தது போன்ற பின்னலால் ஆன ஒரு சுவர் உண்டு. உடல் வளர வளரச் சில புரதங்கள் இந்தச் சுவரை இடைவிடாது முடைந்துகொண்டே இருக்கின்றன. அந்த வேலை நின்றால் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்து அழியும். பெனிசிலின், அதற்குப் பின் வந்த செஃபலோஸ்போரின், இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படும் கார்பபெனம் ஆகிய மருந்துக் குடும்பங்கள் அனைத்திலும் நான்கு அணுக்கள் சேர்ந்த சிறு வளையம் ஒன்று பொதுவாக அமைந்திருக்கிறது. பேட்டா-லாக்டம் வளையம் எனப்படும் அது, சுவரை முடையும் புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்கிவிடுகிறது. அந்த வளையத்தை நீரின் துணைகொண்டு அறுத்துவிடும் நொதிக்கு பேட்டா-லாக்டமேஸ் என்று பெயர். வளையம் அறுந்த மருந்து, பல் முறிந்த சாவியைப் போல, பூட்டுக்குள் போனாலும் பயன் தருவதில்லை.

இந்த நொதி மருந்துக்குப் பின் தோன்றியது என்று எண்ணுவது பிழை. ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினைத் தூய்மைப்படுத்தும் பணியில் இருந்த எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும், பெனிசிலினை அழிக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை 1940 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அந்த மருந்து ஊசி வழியாக முதல் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்க்கப்பட்டதோ 1941இன் தொடக்கத்தில்தான். மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று வெல்வதற்காக நெடுங்காலமாக நடத்திவந்த போரில் மருந்தும் மாற்றும் இரண்டுமே முன்னரே உருவாகியிருந்தன. மனிதர் செய்தது மருந்தை அளவின்றிப் பரப்பியதுதான். அதன் விளைவாக, நொதி உடைய பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருக, நொதி இல்லாதவை அழிந்தன.

ஏணியின் படிகள்

அதன் பின்னான வரலாறு, ஒருவர் ஏற ஏற மற்றவரும் பின்னாலேயே ஏறிவரும் ஏணியைப் போன்றது. 1960களில் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியாவில் டெம்-1 என்னும் நொதி கண்டறியப்பட்டது. இதற்கான மரபணு, பாக்டீரியாவின் முதன்மையான நிறப்புரியில் அல்லாமல், பிளாஸ்மிட் எனப்படும் தனித்த வளைய டி.என்.ஏ.வில் அமைந்திருந்தது. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு, அவை வேற்று இனத்தைச் சேர்ந்தவையாக இருப்பினும், கைமாறக்கூடியது என்பதால், எதிர்ப்புத்திறன் தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமன்றி அண்டை வீட்டுக்கும் செல்லும் சொத்தாயிற்று.

டெம்-1 தொடமுடியாத மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் புழக்கத்துக்கு வந்ததும், 1983இல் ஜெர்மனியில் அவற்றையும் உடைக்கும் நொதிகள் அறிவிக்கப்பட்டன. வீச்சு விரிந்த பேட்டா-லாக்டமேஸ் என்னும் பொருளில் இவை இ.எஸ்.பி.எல். என்ற சுருக்கப்பெயரால் குறிக்கப்படுகின்றன. இன்று உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் இ.எஸ்.பி.எல். வகையான சிடிஎக்ஸ்-எம்-15, புது தில்லி மருத்துவமனை ஒன்றிலிருந்து 1999இல் சேகரித்த பாக்டீரியாக்களில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. இ.எஸ்.பி.எல். பெருகியபோது மருத்துவர்கள் நம்பியது கார்பபெனம் மருந்துகளை. இமிபெனம் 1985இல் பயன்பாட்டுக்கு வந்தது, மெரோபெனம் அதன் பின்னர் வந்தது. அவற்றையும் உடைக்கும் கார்பபெனமேஸ் நொதிகள் விரைவில் தலைகாட்டின. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1996இல் எடுத்த மாதிரியில் கே.பி.சி., துருக்கியின் இஸ்தான்புல்லில் 2001இல் எடுத்த மாதிரியில் ஆக்ஸா-48, பின்னர் இந்தியத் துணைக்கண்டத்தோடு தொடர்புடைய என்.டி.எம்.-1 என்று ஒவ்வொரு நிலப்பகுதியும் ஒவ்வொரு நொதியோடு இணைத்துப் பேசப்படலாயிற்று.

இந்த நொதிகளின் அமைப்பில் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. 1980இல் ரிச்சர்ட் ஆம்ப்ளர் தொடங்கிவைத்த வகைப்பாட்டின்படி, ஏ, சி, டி ஆகிய பிரிவுகளின் நொதிகள் செரின் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு மருந்தை உடைக்கின்றன. பி பிரிவு நொதிகளோ துத்தநாகத்தின் துணையோடு உடைக்கின்றன. கே.பி.சி. ஏ பிரிவையும், ஆக்ஸா-48 டி பிரிவையும், என்.டி.எம். பி பிரிவையும் சேர்ந்தவை. துத்தநாகம் இருக்கிறதா இல்லையா என்னும் இந்தச் சிறு வேறுபாடே ஆய்வகத்தில் நொதியைப் பிரித்தறியும் வழியாகவும், நோயாளியின் கட்டிலருகே மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாகவும் அமைகிறது.

தரமணியிலிருந்து ஒரு செய்தி

இந்தியாவில் சிகிச்சை பெற்று நாடு திரும்பிய ஒரு சுவீடன் நோயாளியின் சிறுநீரிலிருந்து 2008 ஜனவரியில் எடுத்த க்ளெப்சியெல்லா பாக்டீரியாவில் அதுவரை அறியப்படாத நொதி ஒன்று தெரியவந்தது. அவர் முன்பு தங்கிச் சிகிச்சை பெற்ற நகரின் பெயரால் அதற்கு நியூ டெல்லி மெட்டல்லோ-பேட்டா-லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்., என்று பெயரிடப்பட்டது. அந்த நொதி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பெரிய அளவில் காட்டிய ஆய்வுக் கட்டுரை, 2010இல் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னை தரமணியில் இயங்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். சென்னையில் 2009இல் சேகரித்த 3,521 குடல்வாழ் பாக்டீரியா மாதிரிகளுள் 141 கார்பபெனத்துக்கு அடங்காதவை என்றும், அவற்றுள் 44இல் என்.டி.எம்.-1 இருந்தது என்றும் அக்கட்டுரை தெரிவித்தது. ஹரியானாவில் 26 மாதிரிகளிலும், பிரிட்டனில் 37 மாதிரிகளிலும், இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 மாதிரிகளிலும் அதே நொதி காணப்பட்டது.

நகரின் பெயரை நொதிக்குச் சூட்டியது இந்தியாவில் கடும் மனக்கசப்பை உண்டாக்கியது; அது தவறு என்று லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்டன் 2011இல் வருத்தமும் தெரிவித்தார். பெயரைப் பற்றிய வாதம் நியாயமானதே என்றாலும், அந்த ஆரவாரத்தில் தரமணி ஆய்வகம் சொன்ன அடிப்படைச் செய்தி சில காலம் பின்னுக்குப் போனது வருந்தத்தக்கது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, தில்லியில் எடுத்த 50 குழாய்நீர் மாதிரிகளுள் 2இலும், தெருவோரம் தேங்கிய 171 நீர் மாதிரிகளுள் 51இலும் என்.டி.எம்.-1 மரபணு இருப்பதைக் காட்டியது. அந்த நொதி மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிய ஒன்றன்று என்பது அதனால் உறுதியாயிற்று.

கடற்பாசித் தட்டில் தொடங்கும் விசாரணை

நொதியைத் தேடும் பணி, மக்கள் 'கல்ச்சர் டெஸ்ட்' என்று அழைக்கும் வளர்ப்புச் சோதனையில் தொடங்குகிறது. நோன்புக் காலத்தில் தமிழக வீடுகளில் இனிப்பாகச் செய்து உண்ணப்படும் கடற்பாசிதான் ஆய்வகத்தில் அகார் என்னும் பெயரில் பாக்டீரியா வளரும் படுகையாகிறது. ஊட்டச்சத்துக் கலந்த அகாரைத் தட்டில் 4 மி.மீ. தடிப்புக்கு ஊற்றி உறையவிட்டு, நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை அதன்மேல் ஒரே சீராகத் தடவி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை வைத்து, ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு முழுவதும் வைத்திருக்கிறார்கள். மறுநாள் பாக்டீரியா பயிர்போல் தட்டெங்கும் படர்ந்திருக்க, வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் எதுவும் வளராத தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து மருந்துக்கு அடங்கும் அல்லது அடங்காது என்று முடிவு எழுதப்படுகிறது. பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்பது கடினமன்று. இ.எஸ்.பி.எல். நொதியைக் காண, செஃப்டாசிடிம் வில்லை ஒன்றையும், செஃப்டாசிடிமோடு கிளாவுலானிக் அமிலம் சேர்த்த வில்லை ஒன்றையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். கிளாவுலானிக் அமிலம் தானாக நோயைத் தீர்க்கும் மருந்தாக அல்லாமல், நொதியின் வாயை அடைத்து மருந்தைக் காக்கும் துணைப்பொருளாகச் செயல்படுகிறது. துணையோடு வைத்த வில்லையின் வட்டம் துணையின்றி வைத்ததைவிட 5 மி.மீ. அல்லது அதற்கும் மேல் பெரிதானால், அங்கே மருந்தை உடைத்துக்கொண்டிருந்தது இ.எஸ்.பி.எல். நொதிதான் என்று உறுதியாகிறது.

கார்பபெனமேஸ் நொதியைக் காண்பதில் ஆய்வகங்கள் முதலில் ஓர் இடறலைச் சந்தித்தன. நெடுநாள் பயன்பட்ட திருத்திய ஹாட்ஜ் சோதனை, அமெரிக்காவில் மிகுந்த கே.பி.சி. நொதியை நன்கு காட்டியது. ஆனால் இந்தியாவில் மிகுந்த என்.டி.எம். நொதியைப் பலமுறை தவறவிட்டது. நொதி இருந்தும் இல்லை என்று சொல்லும் சோதனை, சோதனை செய்யாமல் இருப்பதைவிடக் கேடானது. ஏனெனில் அது பொய்யான நிம்மதியைத் தந்துவிடுகிறது. ஆய்வக நெறிமுறைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு 2018இல் அந்தச் சோதனையைத் தன் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டது. ஒரு நாட்டின் நொதியை வைத்து வகுத்த முறை மற்றொரு நாட்டின் நொதிக்குப் பொருந்தும் என்று கண்மூடி நம்பக்கூடாது என்பதே இதிலிருந்து பெறத்தக்க பாடம்.

2012இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாட்ரிஸ் நார்ட்மானும் அவர் குழுவினரும் கார்பா என்.பி. என்னும் விரைவுச் சோதனையை அறிவித்தார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தி நீர் சிவந்திருப்பதும், அதில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் மீண்டும் மஞ்சளாவதும் தமிழர் அறிந்தவையே. காரத்தில் சிவப்பாகவும் அமிலத்தில் மஞ்சளாகவும் மாறும் அந்த இயல்பு பீனால் சிவப்பு என்னும் வேதிப்பொருளுக்கும் உண்டு. பாக்டீரியாவை உடைத்து எடுத்த சாற்றை இமிபெனம், துத்தநாக உப்பு, பீனால் சிவப்பு ஆகியவற்றோடு கலந்து வைக்கும்போது, அதில் கார்பபெனமேஸ் இருந்தால் இமிபெனத்தின் வளையம் அறுந்து அமிலத்தன்மை உண்டாகிறது; சிவந்த கரைசல் 2 மணி நேரத்துக்குள் மஞ்சளாகிவிடுகிறது. மருந்து உடைபடுவதைக் கண்ணாலேயே காணச் செய்யும் இச்சோதனை என்.டி.எம்., கே.பி.சி. நொதிகளை நன்றாகக் காட்டினாலும், மெதுவாக உடைக்கும் ஆக்ஸா-48 நொதியைச் சில வேளைகளில் தவறவிடுவதுண்டு.

இவற்றுள் மாவட்ட அளவிலான ஆய்வகத்துக்கு மிகவும் ஏற்றது எம்.சிம். எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் கார்பபெனம் செயலிழப்புச் சோதனை. 2 மி.லி. ஊட்டத் திரவத்தில் ஐயத்துக்குரிய பாக்டீரியாவைச் சிறிதளவு கரைத்து, அதில் 10 மைக்ரோகிராம் மெரோபெனம் கொண்ட வில்லையை மூழ்கடித்து 4 மணி நேரம் வைக்கிறார்கள். பின்னர் அந்த வில்லையை எடுத்து, மெரோபெனத்துக்கு முழுதும் அடங்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஈ.கோலை படர்ந்த தட்டின்மேல் வைத்து ஓர் இரவு காத்திருக்கிறார்கள். வில்லையில் மருந்து உயிரோடு இருந்தால் 19 மி.மீ. அல்லது அதற்கும் மேல் அகன்ற வட்டம் தோன்றும். மருந்தை நொதி தின்றுவிட்டிருந்தால் வட்டம் 15 மி.மீ.க்கு மேல் போகாது, பல வேளைகளில் 6 மி.மீ. அகலமுள்ள அந்த வில்லையின் விளிம்பு வரைக்கும் ஈ.கோலை வளர்ந்து நெருங்கிவிடும். இடைப்பட்ட அளவு வந்தால் சோதனை மீண்டும் செய்யப்படுகிறது. இதே சோதனையின் இரண்டாம் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்னும் பொருளைச் சேர்த்தால் அது துத்தநாகத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும். துத்தநாகத்தை நம்பிய என்.டி.எம். அதனால் செயலிழக்க, மருந்து பிழைத்து, வட்டம் 5 மி.மீ. அல்லது அதற்கும் மேல் விரியும். செரின் வகை நொதியானால் ஈ.டி.டி.ஏ. சேர்த்தும் மாற்றம் நேராது. விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, வளர்ப்புச் சோதனை செய்யும் எந்த ஆய்வகத்திலும் உள்ள பொருள்களைக் கொண்டே, நொதி உண்டா என்பதையும் அது எந்த வகை என்பதையும் இவ்வாறு ஒருசேர அறியலாம்.

இன்னும் விரைவாக அறிய வேண்டுமானால், கர்ப்பம் அறியும் பட்டையைப் போன்ற அமைப்புடைய பட்டைகள் இருக்கின்றன. வளர்ந்த பாக்டீரியாவைக் கரைத்து விட்டால் கே.பி.சி., என்.டி.எம்., விம், இம்ப், ஆக்ஸா-48 ஆகிய ஐந்து நொதிக் குடும்பங்களுள் எது என்பதை ஏறத்தாழ 15 நிமிடங்களில் கோடுகளாகக் காட்டிவிடும். கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிமுகமான பி.சி.ஆர். முறையால் நொதியின் மரபணுவையே நேரடியாகத் தேடலாம். காசநோய் கண்டறிவதற்காக மாவட்ட மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருக்கும் சிபிநாட் கருவியிலேயே, அதற்கெனத் தயாரித்த தனிப் பெட்டகத்தைச் செருகி, இந்த ஐந்து குடும்பங்களின் மரபணுக்களையும் தேட முடியும். ஆனால் பி.சி.ஆர். முறையும் பட்டையும் தாம் தேடக் கற்ற நொதிகளை மட்டுமே காணும். புதிதாக ஒரு நொதி தோன்றினால் அவை மௌனமாக இருந்துவிடும். மருந்து உடைபடுகிறதா என்று மட்டும் கேட்கும் எம்.சிம். போன்ற எளிய சோதனைகளுக்கு அந்தக் குறை இல்லை. எனவே விரைவுக்குப் பட்டையும் பி.சி.ஆரும், விழிப்புக்கு வில்லையும் தட்டும் என்று இரண்டையும் இணைத்துக் கொள்வதே முறையாகும்.

பெயர் தெரிந்தால் மருந்து தெரியும்

நொதியின் பெயர் மருத்துவருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். அவிபாக்டம் என்னும் நொதித் தடுப்பானைச் செஃப்டாசிடிமோடு சேர்த்த மருந்து, கே.பி.சி. நொதி உடைய பாக்டீரியாவையும் ஆக்ஸா-48 உடையதையும் அடக்க வல்லது, என்.டி.எம். முன் அது நிற்பதில்லை. மாறாக, ஆஸ்ட்ரியோனாம் என்னும் பழைய மருந்தை என்.டி.எம். உடைக்க இயலாது, ஆயினும் என்.டி.எம். உடைய பாக்டீரியா பெரும்பாலும் கூடவே இ.எஸ்.பி.எல். நொதியையும் வைத்திருப்பதால் அது ஆஸ்ட்ரியோனாமைக் கெடுத்துவிடுகிறது. அவிபாக்டம் இ.எஸ்.பி.எல். நொதியின் வாயை அடைக்க, ஆஸ்ட்ரியோனாம் என்.டி.எம். நொதியைக் கடந்து சென்று சுவரைத் தாக்கும் என்பதால், இவ்விரண்டையும் சேர்த்துத் தருவது என்.டி.எம். தொற்றுக்கு ஒரு வழியாகிறது. ஆய்வக அறிக்கை 'மெரோபெனத்துக்கு அடங்காது' என்று மட்டும் சொன்னால், இந்த இரு பாதைகளுள் எதில் செல்வது என்று மருத்துவர் ஊகிக்க நேர்கிறது. விலைமிக்க மருந்து ஒன்று வீணாகிறது. இரத்தத் தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை என்பதால், சில வேளை நோயாளியே கைநழுவிப் போகிறார்.

இத்தகைய துணைமருந்துகளைக் கண்டுபிடிப்பதில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் ஃபார்மா நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம் என்னும் நொதித் தடுப்பான், செஃபெபிம் மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்த 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியைப் பெற்றது. இ.எஸ்.பி.எல். உடைய சிறுநீர்த் தொற்றுகளில் கார்பபெனத்தைச் சேமித்து வைக்க அது உதவும், என்.டி.எம். நொதியை அது தடுக்காது. ஆகவே இந்தத் தமிழக மருந்தைச் சரியாகப் பயன்படுத்துவதற்கும் முதற்தேவை, நொதி எது என்று சொல்லும் ஆய்வகமே.

சிங்காரப்பேட்டையிலிருந்து தட்டு வரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலைத்தொடரின் அருகே அமைந்திருக்கிறது சிங்காரப்பேட்டை. இப்பகுதியின் இளைஞர் பலர் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் எல்லை தாண்டிப் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கிறார்கள்; நோய் முற்றினால் ஊத்தங்கரை அரசு மருத்துவமனை, கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், பெங்களூர் என்று பல திசைகளில் நோயாளிகள் கொண்டுசெல்லப்படுகிறார்கள். நோயாளி ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கும் செல்லும்போது அவர் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவும் அதன் பிளாஸ்மிட்டும் உடன் செல்கின்றன. தில்லியிலிருந்து சுவீடனுக்கு என்.டி.எம். சென்ற வழி அதுவே. ஓசூர் எல்லையில் வாகனங்களை நிறுத்திப் பார்க்கும் எந்தச் சாவடியாலும் அதை நிறுத்த இயலாது. மருத்துவமனை தோறும் நொதியைக் கண்டறிந்து, அந்த நோயாளியைத் தனிக்கட்டிலில் வைத்து, தொடுமுன்னும் தொட்டபின்னும் கைகழுவுவதே அதற்கான சோதனைச் சாவடி.

மாவட்டத்துக்கு இப்போது வாய்ப்பும் உருவாகியிருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் தொடங்கிவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கிருஷ்ணகிரியும் ஒன்று. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறையும் அதன் ஆய்வகமும் அதன் பகுதியாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய மருந்து எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பின் முதன்மை மையங்களுள் ஒன்றாகிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் வெகு தொலைவில் இல்லை. மாவட்டத்தில் எம்.சிம். சோதனை செய்வது, விடை புலப்படாத பாக்டீரியாவை மேல்மட்ட ஆய்வகத்துக்கு அனுப்புவது என்னும் இரண்டடுக்கு ஏற்பாடு நடைமுறைக்கு ஏற்றதே.

அந்த ஏற்பாடு நிலைக்கச் சில எளிய கட்டுப்பாடுகள் வேண்டும். சிறுநீர் மாதிரி 2 மணி நேரத்துக்குள் தட்டில் ஏற வேண்டும், இயலாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளைக்குள் சேர்க்க வேண்டும். இரத்தம் எடுத்த குப்பியையோ குளிரில் வைக்கவே கூடாது. மெரோபெனம் வில்லைகள் வெப்பத்தில் வலிமை இழப்பதால், மின்தடை நேரும் நாள்களிலும் உறைபெட்டி இயங்க வேண்டும்; வலிமை இழந்த வில்லை நல்ல பாக்டீரியாவையும் நொதி உடையது என்று பொய்க்குற்றம் சாட்டும். நொதி உடையது என்று தெரிந்த ஒரு பாக்டீரியாவையும், இல்லாதது என்று தெரிந்த ஒன்றையும் ஒவ்வொரு முறையும் உடன்வைத்துச் சோதித்தால்தான் விடையை நம்பலாம். இவை அனைத்துக்கும் தேவை, பெரும் பணத்தைவிட, பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநர்களும் அவர்கள் வேலை செய்ய இடையறாது வந்துசேரும் பொருள்களுமே.

மருத்துவமனையோடு தொழுவத்தையும் கோழிப்பண்ணையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கறிக்கோழி வளர்ப்பும் கறவை மாடுகளும் இம்மாவட்ட மக்களின் வாழ்வாதாரம். ஓசூரை அடுத்த மத்திகிரியில் கோழியின வளர்ப்புக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று இயங்குகிறது. இறுதி நிலை மருந்தாகிய கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தர 2019 ஜூலையில் மைய அரசு தடை விதித்தது நல்ல முடிவு. மாட்டின் மடிநோய்க்குச் செஃபலோஸ்போரின் ஊசி போடும்போது, மருந்தின் எச்சம் நீங்கும்வரை அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிடுவதும், எந்தப் பாக்டீரியா என்று பாலைச் சோதித்த பின்னரே ஊசி போடுவதும் அதே நோக்கத்தின் தொடர்ச்சியாகும். பெங்களூரின் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வழியாகவே கீழே பாய்கிறது. தில்லி நீரில் தேடியதைப் போல இந்த ஆற்று நீரிலும் எதிர்ப்பு மரபணுக்களை முறையாகத் தேடுவது இரு மாநிலங்களின் பொதுக் கடமை.

முதல் ஊசிக்கு முன்

2012 ஆகஸ்டில் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள், மருத்துவர் அப்துல் கஃபூரின் ஒருங்கிணைப்பில், மருந்து எதிர்ப்பைத் தடுக்க வகுத்த திட்டம் 'சென்னைப் பிரகடனம்' என்று உலக மருத்துவ இதழ்களில் பேசப்பட்டது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையின்படி, 24 நுண்ணுயிர் எதிர்ப்பிகள் உள்ளிட்ட 46 மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது; விற்றால் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் உண்டு, அது மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னாலும் உயிரோடு இருக்க வேண்டும். 2019இல் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது, பதிவேட்டில் விடுபடும் ஒவ்வொரு வரியும் சிறிய தவறாகத் தோன்றுவதில்லை.

இந்த அறிவியல் முழுவதும் பயன் தருவது ஒரே ஒரு செயலைப் பொறுத்திருக்கிறது. நுண்ணுயிர் எதிர்ப்பி ஊசி ஏறிய பின் எடுத்த மாதிரியில் பாக்டீரியா பாதி செத்திருக்கும். தட்டில் எதுவும் வளராமல் போகலாம். வளராததில் நொதியைத் தேட முடியாது. ஆகவே கடுங்காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியின் உறவினர், மருத்துவர் ஊசியைக் கையில் எடுக்கும்போது, "டாக்டர், கல்ச்சருக்கு எடுத்துவிட்டீர்களா?" என்று பணிவோடு கேட்க வேண்டும். அறிக்கை வந்ததும், அதில் அடங்காது என்று எழுதியிருந்தால், எந்த நொதி என்று பார்த்தார்களா என்று மருத்துவர் ஆய்வகத்தைக் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளும் சிங்காரப்பேட்டையிலும் ஓசூரிலும் வழக்கமாகிவிடும் நாளில்தான், 2010இல் தரமணி ஆய்வகம் எழுப்பிய எச்சரிக்கைக்குத் தமிழகம் உரிய மறுமொழி தந்ததாகும்.